மாத்திரைத் தட்டு

"இந்த வாளி என் வாசலைத் தாண்டாது" என்றாள் லம்யாய்.

வாளிக்குள் மீன்கள் உயிரோடு இருந்தன. லம்பாவ் ஏரியில் விடிவதற்கு முன்பே வலை போட்டு எடுத்த வெள்ளைக் கெண்டைகள். என் மகன் சக்தா அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்திருந்தான். ஒரு மீன் துள்ளியதில் அவன் சட்டை நனைந்தது. அவளுக்குப் பின்னால், வீட்டின் நடுக்கூடத்தில், வண்ண விளக்குகள் மின்னிக்கொண்டிருந்த குளிர்ப்பெட்டிக்குள் என் தம்பி, அவள் புருஷன் கம்பாய் படுத்திருந்தான். அன்று பிற்பகல் அவனுக்கு எரியூட்டல். அதற்கு முன் வெளியூர் ஆட்களுக்குச் சோறு போட்டாக வேண்டும்.

"விலகு லம்யாய். ஆம்பளைங்க சாப்பாட்டுக்கு நேரமாகுது."

"ஆம்பளைங்களுக்கும் சேர்த்துத்தான் சமைச்சிருக்கேன். மாட்டுக்கறி இருக்கு, மூங்கில் குருத்து இருக்கு, சுட்ட மீன் இருக்கு."

"சுட்ட மீனா? நாலு ஊர்த் தலைவருங்க வராங்க. அவங்க முன்னாடி சுட்ட மீனை வெச்சா, கூடவே தொட்டிலையும் கட்டி வை."

அவள் சிரிக்கவில்லை. வாசற்படியில் இருந்து நகரவும் இல்லை. "அண்ணே, இந்த மீன்தான் இவரைக் கொன்னுச்சு. அதையே இவர் தலைமாட்டுல வெச்சுப் பரிமாறச் சொல்றீங்களா? போங்க. உங்க வீட்டுல என்ன வேணா பண்ணிக்குங்க. இது என் வீடு."

அது உண்மைதான். எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சொந்தம், கட்டிக்கொண்டவன்தான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். என் கூடப் பிறந்தவன் பிணமாகக் கிடந்தாலும் அவள் அனுமதி இல்லாமல் நான் படியேற முடியாது. நான் திரும்பினேன். அவள் சொன்னதற்காகத் திரும்பவில்லை. பிணம் கிடக்கும் வீட்டு வாசலில் கூச்சல் போடும் குடும்பம் அல்ல எங்களுடையது.

என் பெயர் புன்தோம். இருபது வருஷம் இந்த ஊருக்குத் தலைவனாக இருந்தேன். எனக்கு முன் என் அப்பா இருந்தார். ஏரியைச் சுற்றி எந்த ஊரில் போய்க் கேட்டாலும் எங்கள் வீட்டுக் கோயைச் சொல்வார்கள். உயிர்மீனை முள்ளோடு பொடியாகக் கொத்தி, எலுமிச்சையைப் பிழிந்து, வறுத்த அரிசிப்பொடி, மிளகாய், புதினா, வெங்காயத்தாள் சேர்த்து, மேலே கை நிறைய முசுறு எறும்பைப் போட்டுப் பிசைவது. அடுப்பு பக்கமே போகக்கூடாது. எலுமிச்சை பட்டதும் சதை வெளுக்கும், அதுவே வேக்காடு. வேகவைத்த மீன் பிள்ளைகளுக்கும் பெற்றவளுக்கும் நோயாளிக்கும். வீட்டுக்கு வந்த ஆண்பிள்ளைக்கு அதை வைப்பது அவனை வாசலோடு அனுப்புவதற்குச் சமம். மாகாண அதிகாரிகள் எங்கள் வீட்டுப் பாயில் உட்கார்ந்து இதைச் சாப்பிட்டிருக்கிறார்கள். சாலை வந்தது, பாலம் வந்தது, பள்ளிக்கூடத்துக்குக் கூரை வந்தது எல்லாம் அந்தப் பாயில் பேசி முடித்துத்தான்.

எங்களை ஒன்றும் தெரியாத பட்டிக்காட்டான்கள் என்றும் யாரும் சொல்லிவிட முடியாது. மீனில் பூச்சி இருக்கிறது, அது ஈரலுக்குப் போய்த் தங்குகிறது என்று சுகாதார ஆட்கள் வந்து சொல்லிவிட்டுப் போன உடனே, நானே காலசின் நகரத்து மருந்துக்கடைக்குப் போய்ப் பூச்சி மாத்திரை வாங்கி வந்தேன். அன்று தொடங்கி எங்கள் பாயில் கோய் முடிந்ததும், பல் குத்தும் குச்சியோடு, வெண்கலத் தட்டில் மாத்திரையும் வரும். ஆளின் எடைக்குத் தகுந்தபடி எடுத்துக்கொள்ளலாம். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஓர் உபசாரம் கிடையாது. அந்தத் தட்டை ஏந்தி வருவது கம்பாயின் வேலை. அவன் விளையாட்டுப் பேச்சுக்காரன். "பழைய குடித்தனத்தைக் காலி பண்ணுங்கய்யா, புதுசு வரட்டும்!" என்று சொல்லி ஆளாளுக்கு நீட்டுவான். முதல் மாத்திரையை அவனே வாயில் போட்டுக்கொள்வான். பாய் முழுக்கச் சிரிக்கும்.

போன குளிர்காலத்தில் அவனுக்கு அரிப்பு வந்தது. சொறிந்து சொறிந்து, கை எட்டாத இடத்துக்கு வீட்டுத் தூணில் எருமை மாதிரி முதுகை உரசிக்கொண்டு நிற்பான். பிறகு சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போகிறது என்றான். நான் சாராயத்தைக் குறை என்றேன். கண் மஞ்சளான பிறகுதான் லம்யாய் அவனைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். பித்தம் வரும் குழாயில் புற்று, அறுத்தெடுக்கும் கட்டம் தாண்டிவிட்டது என்று சொன்னார்கள். விலாவில் துளை போட்டுக் குழாய் விட்டு, பச்சை நீர் இறங்க ஒரு பையைத் தொங்கவிட்டிருந்தார்கள். நான் ஒரு தடவை போய்ப் பார்த்தேன். நடைபாதைச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தது. நாட்டிலேயே, உலகத்திலேயே, இந்த நோய் அதிகம் உள்ள இடம் என்று எங்கள் வடகிழக்குப் பக்கம் முழுவதையும் சிவப்பாக அடித்து வைத்திருந்தார்கள். எங்கள் ஏரி அதில் ஒரு சின்ன நீலப் பொட்டு. அறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஐம்பது, அறுபது வயது ஆண்கள், எல்லாரும் எங்கள் பக்கத்து வயல்காரர்கள். மஞ்சள் பாரித்த ஒருவன் என்னைக் கண்டதும் கஷ்டப்பட்டு எழுந்து உட்கார்ந்து கும்பிட்டான். "உங்க வீட்டுக் கோய் சாப்பிட்டிருக்கேன் தலைவரே" என்றான். அந்த நிலையிலும் அவன் மரியாதையை மறக்கவில்லை.

லம்யாய்தான் மறந்தாள். மூன்று மாதம் அந்த நடைபாதையில் பாய் போட்டுப் படுத்துக் கிடந்தவள், வேறு பெண்ணாகத் திரும்பி வந்தாள். கண்டவரிடமெல்லாம் மீன், மீன் என்று சொல்ல ஆரம்பித்தாள். இதில் அவளுக்குப் புரியாத ஒன்று இருந்தது. எங்கள் அப்பா வயிறு ஊதி மஞ்சளாகித்தான் போனார். எனக்கு அடுத்தவன் அப்படியே போனான். இப்போது கம்பாய். ஒரே வீட்டில் இப்படி ஈரல் கரைந்து சாவு விழுந்தால் எங்கள் பக்கத்தில் என்ன பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். குடலைத் தின்னும் போப் பேய் அந்த வீட்டில் குடியிருக்கிறது என்பார்கள். நான் சின்னவனாக இருந்தபோது அப்படிச் சொல்லி ஒரு குடும்பத்தின் வீட்டைக் கொளுத்தி ஊரை விட்டுத் துரத்தியதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பேச்சை வாயைத் திறக்காமலே அடக்கும் வழி ஒன்றுதான். எப்போதும் போல் பாயை விரிக்க வேண்டும். எப்போதும் போல் கோய் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் ஒன்றும் மாறவில்லை என்று நாலு ஊர் பார்க்க வேண்டும்.

அவளோ பேயைவிடப் பெரிய பழியைக் கொண்டுவந்தாள். பேய் என்றால் எங்களுக்கு மட்டும்தான் கேடு. மீன் என்றால்? எத்தனை பேர் எங்கள் பாயில் கை நனைத்திருக்கிறார்கள். அவர்களில் எத்தனை பேர் வீட்டில் சாவு விழுந்திருக்கிறது. அவள் பேச்சு கடைசியில் எங்கே போய் நிற்கும் என்று அவளுக்குத் தெரியுமோ தெரியாதோ, எனக்குத் தெரியும்.

தூண்கள் மேல் உயர்ந்து நிற்கும் என் வீட்டின் கீழே, புளியமரக் கட்டையைப் போட்டுச் சக்தா மீனைக் கொத்தத் தொடங்கினான். இரண்டு கையிலும் இரண்டு கத்தி. இந்த வேலையில் அவனுக்கு நிகர் இல்லை. கத்தி மாறி மாறி விழும்போது மத்தளச் சத்தம் கேட்கும். பூனைகள் கட்டையைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. தலையையும் குடலையும் அவற்றுக்கு எறிந்தான். இப்போதைய ஊர்த்தலைவன் பிரசோம் முன்கூட்டியே வந்து பாயில் சாய்ந்துகொண்டான்.

"கேளுங்கண்ணே, சக்தா கையில கத்தி பாடுது."

"நாப்பது வயசுல அவன் கத்துக்கிட்ட பாட்டு அது ஒண்ணுதான்" என்றேன்.

சக்தா லேசாகச் சிரித்தான். கத்தியின் பின்பக்கத்தால் முழங்கையைச் சொறிந்தான். பிறகு கழுத்தை.

"என்னடா சொறி?"

"கொசுப்பா."

"கத்தியைக் கழுவிட்டுக் கொத்து."

கழுவினான். கொஞ்ச நேரம் கொத்தினான். தலையைத் தூக்காமலே, "அப்பா, நாளைக்குப் பள்ளிக்கூடத்துக்கு வண்டி வருதாம்" என்றான்.

"என்ன வண்டி?"

"வயித்தைப் படம் பிடிக்கற வண்டி. நாப்பது தாண்டுன ஆம்பளைங்க எல்லாரும் வரணுமாம். ஆரம்பத்துலயே பாத்துட்டா அறுத்து எடுத்துடலாமாம். சித்தி சொன்னாங்க."

பிரசோம் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்கு மேலேர்ந்து வந்த உத்தரவு அண்ணே. மைக்ல அறிவிக்கணும். நேத்து மைக் ரிப்பேரு. சாவு வீட்டு நேரம், உங்களைக் கேக்காம எப்படி..."

"ரிப்பேராவே இருக்கட்டும்."

"அதான் நானும் நினைச்சேன்" என்று மறுபடி சாய்ந்துகொண்டான்.

கொத்தியவன்தான் முதலில் ருசி பார்க்க வேண்டும், உப்பும் புளிப்பும் அவன் நாக்குக்குத்தான் படியும். அன்று சக்தா கரண்டியை என்னிடம் நீட்டினான். நான் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். புளிப்பு சரியாக இருந்தது. முசுறு பல்லில் கடிபட்டுச் சுள்ளென்றது.

வாசலில் வாளி திரும்பியதால் எல்லாமே தாமதமாகிவிட்டது. விருந்தாளிகள் வந்து பாயில் உட்கார்ந்து, ஒட்டரிசிச் சோற்றுக் கூடைகளைத் திறந்து, வெள்ளைச் சாராயத்தை ஒரு சுற்று விட்டு, நான் முதல் கவளத்தை எடுக்கப்போகும் நேரத்தில் ஊர்வலமே தெருமுனைக்கு வந்துவிட்டது. முன்னால் துறவிகள் வெள்ளை நூலைப் பிடித்தபடி நடந்தார்கள். பின்னால் பெட்டியை ஏற்றிய வண்டி. எங்கள் வாசலைக் கடக்கும்போது நாங்கள் எழுந்து சேர்ந்துகொள்வது என்று திட்டம். வண்டி வாசலில் நின்றது. சட்டம் போட்ட கம்பாயின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு லம்யாய் வரிசையை விட்டு விலகி வந்தாள். வெயிலில் இருந்து வீட்டின் கீழ் நிழலுக்குள் குனிந்து நுழைந்தாள்.

படத்தைப் பாயில், எனக்கு இடப்பக்கம் வைத்தாள். கம்பாய் எப்போதும் உட்காரும் இடம்.

"இவர் இடம் இதுதானே அண்ணே? பரிமாறுங்க."

கைகள் எல்லாம் அப்படியே நின்றன. பக்கத்து ஊர்த் தலைவர் ஒருவர் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, தூக்கிட்டுப் போற நேரத்துல நிறுத்தக்கூடாதும்மா."

"நிக்கட்டும் ஐயா. இவருக்கு இனிமே என்ன அவசரம்?" அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். "தட்டு எங்கே?"

தூணோரம் தயாராக இருந்த வெண்கலத் தட்டை அவளே எடுத்துவந்து படத்தின் முன் வைத்தாள். மாத்திரைகள் தட்டில் உருண்டு ஒரு பக்கமாய் ஒதுங்கின.

"முதல் மாத்திரை இவருக்குத்தானே? எடுத்துக் குடுங்க. உங்க பாயில அதிகமாத் தின்னவர் இவருதான். மீனையும் சரி, மாத்திரையையும் சரி."

"லம்யாய், போதும்" என்றேன்.

"போதாது. டாக்டரம்மா எனக்குச் சொன்னதை இவங்களுக்கும் சொல்லிட்டுப் போறேன். மாத்திரை பூச்சியைத்தான் கொல்லுமாம். பூச்சி பண்ணின புண்ணை அது ஆத்தாது. அந்தப் புண்ணு மேலயே அடுத்த பூச்சி வந்து உக்காருமாம். தின்னு, மாத்திரை போட்டு, தைரியமாத் திரும்பத் தின்னு, திரும்ப மாத்திரை போட்டவனுக்குத்தான் ஆபத்து அதிகமாம். நீங்க பெருமையா நீட்டின தட்டு அண்ணே இது!"

"நாங்க என்ன பச்சையாவா திங்கறோம்? எலுமிச்சை..." என்று தொடங்கினான் பிரசோம்.

"எலுமிச்சை புழிஞ்சா வெந்துடும். சாராயம் ஊத்தினா செத்துடும். முசுறு கடிச்சா ஓடிடும். நானும் கேட்டுக் கேட்டுக் கிழவியாயிட்டேன் தலைவரே. இதையெல்லாம் அந்தப் பூச்சிகிட்ட யாராவது சொன்னீங்களா?"

யாரோ ஒருவன் சிரித்துவிட்டான். நான் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"நம்ம வயித்துலேர்ந்து வயலுக்குப் போகுது. வயல்லேர்ந்து மழைத்தண்ணியில ஏரிக்கு, ஏரியில நத்தைக்கு, நத்தையிலேர்ந்து மீனுக்கு. மீனை நீங்க மறுபடி தட்டுல வெச்சு மரியாதையா நீட்டறீங்க. இந்த ஏரியில நாம விட்டதைத்தான் நாமளே திங்கறோம்."

சாப்பிடும் இடத்தில் அவள் பேசிய பேச்சு இது. நான் குரலை உயர்த்தவில்லை. "என் அப்பா தின்னார். அவர் அப்பா தின்னார்."

"ஆமா. எந்தெந்த வயசுல போனாங்கன்னும் சொல்லுங்க."

"எனக்கு எழுபத்தொண்ணு. நான் உக்காந்திருக்கேன்."

"உக்காருங்க அண்ணே. எல்லாருக்கும் வராது, அதையும் டாக்டரம்மா சொன்னாங்க. நீங்க இன்னும் ரொம்ப நாள் உக்காருங்க. ஆனா சுத்தி உக்கார ஆள் வேணுமே?"

பிறகு அவள் என்னை விட்டுவிட்டாள். திரும்பிச் சக்தாவைப் பார்த்தாள். அவன் பாய்க்கு வெளியே, தூணில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். அவள் பார்த்ததும் தூணை விட்டுச் சட்டென்று நகர்ந்தான்.

"எனக்கு அந்த உரசல் தெரியும்" என்றாள். குரல் அப்போதுதான் இறங்கியது. "ராத்திரி பகலா பாத்த உரசல் அது. உங்க மகனைப் பாருங்க அண்ணே. என்னை அப்புறம் திட்டிக்கலாம்."

நான் பார்க்கவில்லை. நாலு ஊர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு பெண்பிள்ளை சொன்னாள் என்று என் மகன் கண்ணில் மஞ்சளைத் தேடிக்கொண்டு உட்கார நான் பிறக்கவில்லை. கூடையில் இருந்து சோற்றைக் கிள்ளி உருட்டினேன். கோயை அள்ளி வாயில் போட்டேன். அவசரப்படாமல் மென்றேன். முள் பல்லில் நறநறத்தது. விழுங்கினேன். பிறகு சொன்னேன்:

"சக்தா, வந்து உக்காரு. சாப்பிடு."

"கை சுத்தமில்லப்பா."

"கழுவிட்டு வா."

அவன் தண்ணீர்ச் சாடிக்குப் போனான். நிதானமாகக் கழுவினான். விரல் இடுக்கு, நகம், முழங்கை வரைக்கும். அத்தனை பேரும் அந்தத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். வந்தான். எங்கள் பாயின் ஓரமாக நடந்து, என்னைத் தாண்டி, தம்பியின் படத்தைத் தாண்டி, பின்பக்கம் பெண்களின் பாயில் போய் உட்கார்ந்தான். அங்கே அவித்த மீனும் கீரையும் இருந்தன.

"அத்தே, எனக்கும் ஒரு தட்டு போடுங்க."

பக்கத்து ஊர்க்காரன் ஒருவன், நிலைமையைச் சிரிப்பாக்கப் பார்த்தானோ என்னவோ, "என்ன புன்தோம் அண்ணே, உங்க பையனுக்கு இன்னும் பல்லு முளைக்கலியா?" என்று கேட்டான்.

"முளைச்சிருச்சுண்ணே" என்றான் சக்தா அங்கிருந்தே. "அதை வெச்சுக்கிட்டு இன்னும் கொஞ்ச காலம் கடிக்கலாம்னு பாக்கறேன்."

பெண்கள் சிரித்தார்கள். என் வீட்டின் கீழே, என் பாயில் இருந்து பத்தடி தள்ளி, என் வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டு சிரித்தார்கள்.

லம்யாய் படத்தை எடுத்துக்கொண்டாள். தட்டை எடுக்கவில்லை. ஊர்வலம் நகர்ந்தது. பாயில் இருந்தவர்கள் எனக்காகச் சாப்பிட்டார்கள். அதை நான் மறுக்க மாட்டேன். சிலர் நன்றாகவே சாப்பிட்டார்கள். பிரசோம் வெறும் சோற்றை உருட்டி உருட்டி மிளகாயில் தொட்டுக்கொண்டிருந்ததையும் பார்த்தேன். ஆனால் முடிந்து எழும்போது மாத்திரைத் தட்டில் ஒருவரும் கை வைக்கவில்லை. ஆள் இல்லாத இடத்துக்கு எதிரே அது அப்படியே இருந்தது. கோயைத் தின்றவர்களும் தொடவில்லை.

எரியூட்டலில் வாசிப்பதற்குக் கம்பாயின் வாழ்க்கைக் குறிப்பை நான்தான் எழுதிக் கொடுத்திருந்தேன். உடல்நலம் குன்றிக் காலமானார் என்று முடித்திருந்தேன். அவள் எழுந்து வந்து ஒலிபெருக்கியைப் பிடுங்குவாள் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. என்னிடம் பேச வேண்டியதெல்லாம் அவளுக்கு முடிந்துவிட்டது போல, துறவிகளைப் பார்த்துக் கைகூப்பி உட்கார்ந்திருந்தாள். நான் சந்தனப் பூவைப் பெட்டியின் கீழ் வைத்தேன். எனக்குப் பின்னால் சக்தா வைத்தான். அவன் முகத்தைப் பார்க்காமல் படி இறங்கினேன். புகைபோக்கியில் முதலில் கறுப்பாகவும் பிறகு வெளுத்தும் புகை போயிற்று. வீட்டுக்கு வரும் வழியில் அவனுக்கு முன்னால் நடந்தேன். அவன் தன் மனைவி வீட்டுத் தெருவில் திரும்பும்போது, "வரேம்ப்பா" என்றான். நான் நிற்கவில்லை.

மறுநாள் காலை பிரசோமின் மைக் சரியாகிவிட்டது. நான் முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கம்பத்துக் குழாயில் இருந்து அவன் குரல் ஊர் முழுக்க விழுந்தது. பள்ளிக்கூடத்தில் வயிற்றுப் படம் எடுக்கிறார்கள், நாற்பது தாண்டிய ஆண்கள் எல்லாரும் வரவும், பச்சை மீன் தின்றவர்கள் கட்டாயம் வரவும். நேற்று நாம் எரியூட்டிய கம்பாய்க்கு வந்தது பித்தக்குழாய்ப் புற்றுநோய்தான் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன். பெயரையும் சொன்னான், நோயையும் சொன்னான். இரண்டு தடவை சொன்னான். கம்பத்துக்குக் கீழே நாய்கள் ஊளையிட்டன.

எலும்பு பொறுக்கும் நேரம் அது. துறவிகள் வந்து எரிமேடை அருகே காத்திருந்தார்கள். கம்பாய்க்குப் பிள்ளை இல்லை. சாம்பலில் இருந்து எலும்பை எடுத்து இளநீரில் கழுவிப் பானையில் இட வேண்டியவன் சக்தாதான். அவனைக் காணோம். லம்யாயையும் காணோம். மற்றவர்களை அங்கேயே இருக்கச் சொல்லிவிட்டு, கழுவுவதற்கு வைத்திருந்த இளநீர்ச் சொம்பைக் கீழே வைக்கவும் மறந்து, நானே பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன். கையைப் பிடித்து இழுத்து வருவதாக இருந்தால் இழுத்து வருவது என்றுதான் போனேன். முதலில் சித்தப்பனுக்குச் செய்ய வேண்டியதைச் செய், உன் வயிற்றைப் பிறகு யாருக்கு வேண்டுமானாலும் காட்டிக்கொள் என்று சொல்வதற்கு வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு போனேன்.

தாழ்வாரத்தில் பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். நேற்று என் பாயில் இருந்தவர்களில் பாதிப்பேர் முழங்கால் மார்பில் இடிக்க அவற்றில் உட்கார்ந்திருந்தார்கள். பிரசோம் முதல் நாற்காலியில். என்னைக் கண்டதும் எழுந்தான். ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டார்கள். நான் இளநீர்ச் சொம்போடு அவர்களைக் கடந்து போனேன்.

வகுப்பறை வாசலில் திரை தொங்கியது. சன்னல் திறந்திருந்தது. உள்ளே ஆசிரியர் மேசையில் விரிப்புப் போட்டு அதில் சக்தா மல்லாந்து படுத்திருந்தான். சட்டையைக் கழற்றியிருந்தான். லம்யாய் அதை நாலாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அவன் தலைமாட்டில் நின்றாள். சன்னல் வெளிச்சம் நேராக அவன் மேல் விழுந்தது. நெஞ்சில், தோளில், விலாவில், நகத்தால் சொறிந்த கோடுகள். சில பழையவை, சில அன்று காலை இட்டவை. வயிற்றில் பசை மின்னியது.

மருத்துவப் பெண் ரொம்பவும் இளையவள். கருவியை அவன் வலது விலாவுக்குக் கீழே வைத்து மெதுவாக நகர்த்தினாள். பக்கத்தில் இருந்த திரையில் சாம்பல் நிறம் அசைந்தது, மழை பெய்யும்போது ஏரி இருக்கும் நிறம்.

"மூச்சை நல்லா உள்ள இழுங்கண்ணே. அப்படியே பிடிச்சுக்குங்க."

சக்தா இழுத்துப் பிடித்தான். விலா எலும்புகள் மேலே எழுந்து நின்றன. அவள் கை நகர்ந்தது. நின்றது. கொஞ்சம் பின்னால் வந்தது. மறுபடி அதே இடத்தில் நின்றது. அவள் திரையை நோக்கிக் குனிந்தாள். லம்யாய் மடித்த சட்டையை மார்போடு அணைத்துக்கொண்டாள், நேற்றுப் படத்தை அணைத்திருந்த மாதிரியே.

நான் உள்ளே போகவில்லை. கூப்பிடவும் இல்லை. சொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சன்னலோரம் நின்றேன். சக்தா கண்களைக் கூரையில் நிறுத்தி, கன்னம் இறுக, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தான். விடலாம் என்று அந்தப் பெண் இன்னும் சொல்லவில்லை.